கண்ணாடியை இறக்கிய ஏழு நிமிடம்

ரயில்வே கேட் மூடியிருந்த அந்த ஏழு நிமிடத்தில் நான் கார்க் கண்ணாடியை இறக்கியது சரியா, தவறா? இரண்டு மாதமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னிருக்கையில் என் இரண்டு வயது மகள் இனியா. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. கோலாரில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி ஓடியவரை ஏசியில் ஏதோ கொஞ்சம் குளிர் இருந்தது. கேட்டில் நின்றதும் அது வெதுவெதுப்பாகி, பிறகு சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவிபோல் வந்தது. வெளியே, சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கம் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண் குன்றுகுன்றாய் நிற்கிறது. சயனைடு மேடு என்கிறார்கள். மே மாதக் காற்று அதிலிருந்து வெண்சாம்பல் தூளை வாரிக்கொண்டு வந்து கண்ணாடியில் அறைந்தது. உள்ளே சூடு, வெளியே தூசி. இனியாவின் கழுத்தெல்லாம் வியர்வை. முகம் சிவந்து அழத் தொடங்கினாள். நான் கண்ணாடியை இறக்கினேன். பாதி ஏற்றினேன். மறுபடி இறக்கினேன். ரயில் போய்க் கேட் திறந்தபோது அவள் இருமிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அவளுக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அந்த இருமல் என்னால் வந்ததா, முன்பே நெஞ்சில் இருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. திருமணமாகிக் கோலார் தங்கவயலுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். ஸ்கெலட்டன் பகுதியில் உள்ள வீட்டில் நானும் கணவரின் அம்மாவான அத்தையும் இனியாவும். இங்கே வீட்டிலும் கடையிலும் தமிழ்தான், ஆனாலும் இது என் தமிழ் இல்லை. அலுவலகப் படிவங்களில் கன்னடம், சந்தையில் பாதி தெலுங்கு. இதெல்லாம் பழகிவிட்டது. காற்றுதான் பழகவில்லை. எங்கள் ஊரில் பிற்பகல் கடல்காற்று எழும்போது தெருவில் ஒவ்வொரு வீடாகச் சன்னல் திறக்கும் சத்தம் கேட்கும். இங்கே காற்று எழும்போது ஒவ்வொரு வீடாக மூடும் சத்தம். அத்தை பழைய வேட்டிகளைக் கிழித்து, நனைத்து, சன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் செருகுவார். தண்ணீர்க் குடத்தின் வாயிலும் ஒரு துணி. வந்த புதிதில் புழுக்கம் தாங்காமல் நான் ஒரு சன்னலைத் திறந்துவிட, உலையில் இருந்த சோற்றில் மணல் கடித்தது. அத்தை அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடி அரிசி களைந்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள், இனியா தூங்கும் நேரமாகப் பார்த்து, காணொளிகளைப் போட்டுக்கொண்டு ஏசியை நானே சோதித்தேன். பொத்தானில் விளக்கு எரிந்தது. இன்ஜின் பக்கம் காதை வைத்தால் கம்ப்ரசர் ‘டக்’கென்று பிடிக்கும் சத்தமும் கேட்டது. டேஷ்போர்டுக்குள் இருந்த ஃபில்டரை உருவித் தட்டியபோது ஒரு கைப்பிடி தூள் கொட்டியது. இதுதான் காரணம் என்று மகிழ்ந்தேன். மாட்டிப் பார்த்தால் காற்று வேகமாக வந்தது, அதே சூட்டோடு. ‘ஓடினால் லேசாகக் குளிர்கிறது, நின்றால் சூடு’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஓடும்போது மட்டும் ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. கேட்டில் நின்றபோது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டியிருந்ததும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தாளோடு ஆண்டர்சன்பேட்டையில் மெக்கானிக் டேவிட் அண்ணனிடம் போனேன்.

“நம்மூருல ஏசி இன்னாத்துக்குமா? கண்ணாடிய எறக்கி வுட்டா ஜில்லுனு காத்து வருமே.”

“தூசி வருதே அண்ணே. பாப்பாவுக்கு ஆகாது.”

“தூசி எப்பவும் கீறதுதான். நீங்க எந்த ஊரு? பேச்சே வேற மாதிரி கீது.”

“தூத்துக்குடி.”

“ஓ, மெட்ராஸ் பக்கம். அங்க வெய்யிலு ஓவரு, அதான் ஏசி கேக்குது ஒங்களுக்கு.”

தூத்துக்குடியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று சொல்லிப் பயனில்லை. வெயிலுக்குப் பயந்தவள் என்றே முடிவு செய்துகொண்டு பானெட்டைத் திறந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு வலைக்கம்பிகளுக்குப் பின்னால் கையை விட்டு, எதையோ இழுத்துக்கொண்டே சிரித்தார்.

“இன்னாமா இது? வண்டிக்கு வேட்டி கட்டி வுட்டுகிறீங்க! எப்ப கல்யாணம்?”

நான்காக மடித்த வேட்டி. நான்கு மூலையிலும் சணல் கயிறு. ஒருபுறம் தூள் அப்பிக் களிமண்ணாய்க் காய்ந்திருந்தது. ஓரத்தில் பச்சைக் கரை. என் மாமனாரின் வேட்டி.

“முன்னாடி வலை மாதிரி கீதே, இந்த ஜாலிதான்மா ஏசி சூட்ட வெளிய தள்ளும்” என்றார். “அதுக்கு மூச்சு வுட காத்து வேணும். வண்டி ஓடுனா துணி வழியா கொஞ்சம் பூரும். நின்னா அவ்ளோதான்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தையிடம் என்ன கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. வேட்டியைப் பார்த்ததும் அவரே சொன்னார்.

“அத இன்னாத்துக்கு அவுத்த? நாந்தான் கட்னேன். அன்னிக்கு ஞாயித்துக்கெயம எம்புள்ள தண்ணி ஊத்த வண்டி முன்பக்கத்த தொறந்து வச்சிட்டு போனுல பேசப் போனான் பாரு, அப்போ.”

“ஏன் அத்தை சொல்லவே இல்ல?”

“நீதானே சொன்ன? கண்ணாடி மூடிகினா காத்து எப்டி வருதுன்னு கேட்டதுக்கு, முன்னாடிருந்து வருதுன்னு. கொயந்த நெஞ்சுல தூளு பூரக்கூடாதுன்னுதாம்மா. நனச்சி நல்லா பியிஞ்சிதான் கட்னேன்.”

சொன்னது நான்தான். எதையோ அரைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில். கோபப்படத் தயாராக வந்தவளுக்கு யார்மேல் படுவதென்று தெரியவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே போகும் கீற்றுகளைக் காட்டினேன். அத்தை ஜாண் வைத்து அளந்தார். “அப்போ இதுக்கு தெச்சிர்றேன்” என்றார். அங்கே ஃபில்டர் இருக்கிறது, துணி வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதில் கொட்டிய கைப்பிடித் தூளை நினைத்தால் நானே முழுதாக நம்பவில்லை.

ஏசி இப்போது குளிர்கிறது. ஆனால் என் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கக் கூடாது. “காத்துக்காலம் முடியுத வரைக்கும் பிள்ளைய இங்க கொண்டாந்து விடு” என்று தினமும் தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார். பத்து நாள் போய் இருந்தோம். முதல் நாள் பிற்பகல் கடல்காற்று எழுந்தது. உப்பு வாசம் முகத்தில் பட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், இனியா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சன்னல் கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். “தூளு, மூடு! தூளு, மூடு!” அழுகை இல்லை, செய்ய வேண்டிய வேலையைச் செய்பவளின் முகம். அம்மா சிரித்துக்கொண்டே திறந்து விட்டார். “ஏட்டி, இது நம்ம காத்துல்லா!” அவள் மறுபடி மூடினாள். பத்து நாளும் மூடினாள். பத்து நாளில் ஒருமுறைகூட இரைக்கவில்லை. இரவானால் “ஆயா எங்க?” என்று அத்தையைத் தேடினாள்.

திரும்பி வந்துவிட்டோம். ஆடிக் காற்று இன்னும் முடியவில்லை. அவளைத் தூத்துக்குடியில் விட்டால் நெஞ்சு நன்றாக இருக்கும். அப்பாவும் ஆயாவும் இல்லாமல் இருப்பாள். இங்கே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இருமலுக்கும் நான் எழுந்து உட்கார வேண்டும். இரண்டு ஊர்க் காற்றில் பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? எத்தனை வயதில் நெஞ்சு தேறியது? இந்தச் சன்னலை மூடு, அந்தச் சன்னலைத் திற என்று, பயமுறுத்தாமல், ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.