நடுப்பகலில் ஒரு சுபஹுப் பாங்கு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வீடு பெண்ணுக்குரியது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டே நான் என் கணவரிடம் எத்தனையோ வாக்குவாதங்களில் வென்றிருக்கிறேன். ஆட்டை எங்கே கட்டுவது, மீனை எங்கே வெட்டுவது, அவருடைய கூட்டாளிமார் எவ்வளவு நேரம் குந்தியிருக்கலாம், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "இது என்ட வீடு." தொண்ணூறுகளின் நடுவில் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அதையே சொன்னேன்.

"ஓம், உன்ட வீடுதான். அதுக்காகப் புள்ளையையும் இஞ்சயே பெறப்போறியா?" என்று கேட்டார்.

"ஓம்."

அவர் கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்தவர். ஒரே சொல்லில் பதில் வந்தால் பேரம் பேச இடமில்லாமல் தவித்துப்போவார். அன்றும் தவித்தார்.

மூத்தவள் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அங்கே என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பிள்ளைப்பேற்று வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். இவர் கேற்றுக்கு வெளியே வெயிலில் காய்ந்துகொண்டு நின்றார். பிறந்த பிள்ளையின் காதில் முதன்முதலில் விழ வேண்டியது பாங்கு, தொழுகைக்குக் கூப்பிடும் அந்த வார்த்தைகள். அதை வாப்பாவே சொல்ல வேண்டும் என்பது எல்லா வாப்பாமாருக்கும் ஆசை. என் உம்மாவுக்கோ பொறுமை என்பது பிறப்பிலேயே கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை செய்த நல்ல மனிதர் ஒருவரைப் பிடித்துச் சொல்ல வைத்துவிட்டார். பார்வையாளர் நேரத்தில் இவர் பிளாஸ்க்கும் தோடம்பழமுமாக உள்ளே வந்தபோது காரியம் முடிந்திருந்தது. "ஆரு சொன்னா என்ன, பாங்கு பாங்குதானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில்தான் பெறுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. நோவு வந்தால் எனக்கு நடக்க வேண்டும், கத்த வேண்டும், யாரையாவது ஏச வேண்டும். கட்டிலில் மல்லாந்து கிடந்து மரியாதையாக நோவது என் குணத்துக்குச் சரிவரவில்லை. ஆனால் உள்ளுக்குள் கிடந்த காரணம் அந்தப் பாங்குதான். இந்தப் பிள்ளை கேட்கும் முதல் பேச்சு அதன் வாப்பாவின் வாயிலிருந்து வர வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் பகுதிக்கு வரும் அரசாங்க மருத்துவிச்சி பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளில் வந்து இறங்கி, பிரஷர் பார்த்து, வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:

"தலை கீழதான் கிடக்கு. ரெண்டாவது பிள்ளை, உடம்பிலயும் ஒரு கோளாறுமில்ல. வீட்டில பார்க்கலாம். ஆனா ஒண்டு, நோவு துவங்கினா வாசலில வாகனம் நிக்க வேணும். நான் போ எண்டு சொன்னா மறுகதை கதைக்காம ஏறோணும். சரியா தங்கச்சி?"

"சரி மிஸ்ஸி" என்றேன். என் கணவர் அப்போதுதான் மூச்சு விட்டார். பக்கத்து ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருந்தவரிடம் அன்றே போய்ச் சொல்லி வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான கவலை வெளியே வந்தது. அவர் வாழ்நாளில் பாங்கு சொன்னதே இல்லை. சேலை விலை சொல்லத்தான் அந்தத் தொண்டை பழகியிருந்தது. என் காக்காவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, நல்ல குரல். மோதினாருக்குச் சுகமில்லாவிட்டால் பள்ளிவாசலில் காக்காவைத்தான் பாங்கு சொல்லக் கூப்பிடுவார்கள். மச்சினனுக்கு முன்னால் சொதப்பக் கூடாது என்ற ரோசம் இவருக்கு. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் கிணற்றடியில் நின்று, காதில் கையை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பழகுவார். பகலில் கடை இரைச்சலில் எந்தப் பாங்கும் அவர் காதில் முழுதாக விழுவதில்லையாம், விடியற்காலையில் கேட்டதுதான் மனதில் நிற்கிறதாம். எங்கள் கோழிகள் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நோவு வந்தது ஒரு காலை நேரத்தில், நான் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது. மீனை அரைகுறையாக விட்டு எழும்ப மனமில்லை. ஆய்ந்து முடித்து, கை கழுவி, அதன் பிறகுதான் உம்மாவிடம் சொன்னேன். உம்மா ஏசிய ஏச்சில் பாதி நோவு பறந்துவிட்டது. மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். கடைக்கு ஆள் அனுப்பினோம். காக்கா வந்து, ஆண்பிள்ளை ஒருவர் வேண்டுமே என்று வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். இவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார், மிஸ்ஸியும் வந்து சேர்ந்தார்.

நான் முற்றத்து மணலில் நடந்தேன். நோவு வரும்போது தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், விட்டதும் மறுபடி நடந்தேன். பசித்தபோது பிளேன்டீயும் பிஸ்கட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. என் முற்றம், என் கிணறு, கொடியில் காயும் என் சட்டை. நோவுகூட என்னுடையதாகத்தான் இருந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம் நோவு நெருங்கி நெருங்கி வந்தது. மிஸ்ஸி, "வாகனம் எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, ஓட்டோக்காரர் ஹயர் ஒன்று கிடைத்து அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டார். என் கணவர் சைக்கிளில் பாய்ந்தார். "இந்தா வந்திட்டன், இந்தா வந்திட்டன்" என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு பிள்ளைக்கும் அவசரம் வந்துவிட்டது. உள்ளறையில் பன்பாய் மீது மெழுகுசீலை விரித்திருந்தது. நான் முழங்காலில் நின்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு இரண்டாகப் பிளக்கிறது என்று நினைத்தேன். அல்லாஹ்வையும் கூப்பிட்டேன், ஓட்டோக்காரரையும் ஏசினேன். "முக்காத, மெதுவா ஊது, மெதுவா" என்றார் மிஸ்ஸி. ஊதினேன். சூடாக, வழுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் பிள்ளை அவர் கையில் விழுந்தாள். வீரிட்டு அழுதாள். மிஸ்ஸி என் பிடிவாதத்தை அறிந்தவர். வாயைத் திறக்காமல் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். பெண். நான் அழுதேன், சிரித்தேன், எதை முதலில் செய்தேன் என்று இன்றும் தெரியாது.

உம்மா வாசலைக் கைகாட்டி, என் காதோடு மெல்ல, "காக்காவ வந்து பாங்கு சொல்லச் சொல்றன்" என்றார்.

"ஒருத்தரும் வாய் துறக்கப்படா!" என்று குசுகுசுத்தேன். கத்தினால் என் குரல்தானே முதலில் விழுந்துவிடும். "அவரு வரட்டும். அது வரைக்கும் இந்த வீட்டில ஒருத்தரும் கதைக்கப்படா."

உம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார், அதையும் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டார். காக்கா வாசலில் ஊமைபோல் நின்றார். மிஸ்ஸி கையாலேயே வெந்நீர் கேட்டார், கையாலேயே துணி கேட்டார். தொப்புள்கொடியை வெட்டி, பிள்ளையைத் துடைத்து என் நெஞ்சில் போட்டார். அவளும் சொல்வழி கேட்பவள்போல் அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. என் கணவர் ஓடி வந்து அறை வாசலில் நின்றார். யாரும் பேசவில்லை. காக்கா பேசவில்லை, உம்மா அழுகிறார், மிஸ்ஸி தலை குனிந்து ஏதோ கழுவுகிறார், நான் கண்ணை மூடிக் கிடக்கிறேன், பிள்ளை அசையவில்லை. நான் கண் திறந்தபோது அவர் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை.

பிள்ளை தும்மினாள்.

நான் இரண்டு கையாலும் அவளைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினேன். என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. எழும்பிப் பிள்ளையை வாங்கினார். தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பி, அவள் வலது காதோடு வாயை வைத்துப் பாங்கு சொன்னார். ஒரு சொல்லும் பிசகவில்லை. காக்கா தலையை ஆட்டி மெச்சினார். முக்கால்வாசி தாண்டியதும் வந்தது: "அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்."

காக்கா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். உம்மாவின் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்து, அங்கேயே வலித்தது. அவர் பாங்கை முடிக்கும் வரைக்கும் பல்லைக் கடித்துக் காத்திருந்து, பிறகு எல்லோரும் வெடித்தோம்.

மிஸ்ஸிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் சிரிக்கிறீங்க?"

"அது சுபஹுக்கு மட்டும் சொல்ற வரி மிஸ்ஸி" என்றார் உம்மா. "நித்திரையவிடத் தொழுகை நல்லம் எண்டு ஆக்கள எழுப்புறதுக்கு. இவரு நடுப்பகல்ல சொல்லிட்டாரு!"

"அதால என்ன, அவள் இப்பதானே வந்திருக்கிறா. அவளுக்கு இதுதானே விடியல்" என்றார் மிஸ்ஸி. என் கணவர் அவரை நன்றியோடு பார்த்தார். ஓட்டோக்காரருக்குப் பிளேன்டீ போயிற்று.

பொழுதுபட்டு மஃரிபு வருவதற்குள் ஊரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. கடைக்கு ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம். விளக்கு வைத்த நேரம் அவர் என் பாயருகே வந்து உட்கார்ந்தார். நான் விடவில்லை. "கிணத்தடியில சுபஹுப் பாங்கைப் பழகினா வேற என்ன வரும்?" என்றேன்.

"இல்ல புள்ள" என்றார். "அந்த வரி வரப்படா எண்டு தெரியும். அத விட்டுட்டுத்தான் பழகின."

"பிறகு?"

அவர் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசல்ல வந்து நிக்கக்குள்ள ஒருத்தரும் கதைக்கல்ல. தும்மினத்துக்குப் பிறகும் எனக்குப் பயம் போகல்ல. கையில வாங்கக்குள்ளயும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிடந்தா. எழும்பு மகள், எழும்பு மகள் எண்டு மனசு சொல்லிக்கிட்டே இருந்திச்சு. அது வாயில வந்திட்டு."

அவர் கையை இழுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

அவள் அன்று இரவும் தூங்கவில்லை, அதற்குப் பிறகு பல மாதங்களும் ஒழுங்காகத் தூங்கவில்லை. உம்மா ஒவ்வொரு நாளும் அந்தப் பாங்கைக் குறை சொன்னார். நான் ஒருநாளும் சொல்லவில்லை.