பையை நீங்களே கட்டினீர்களா?

என் தம்பி அருண்பாண்டியன் விமானத்தில் இரண்டு முறைதான் போயிருக்கிறான். வேலைக்குப் போனபோது ஒரு முறை. சிறையிலிருந்து நேரே கொண்டுவந்து ஏற்றித் திருப்பி அனுப்பியபோது ஒரு முறை. சிதம்பரத்தில் எங்கள் தெருப் பக்கம் யாராவது முதல் தடவையாக வெளிநாடு போவதாக இருந்தால், இன்றும் அவனிடம்தான் விவரம் கேட்க வருகிறார்கள். எல்லாம் சொல்வான். சிறையைப் பற்றி மட்டும் சொல்லமாட்டான். வேலை பிடிக்காமல் ஓடிவந்தவன் என்று ஊர் நினைப்பதால், நடந்ததை நான் எழுதுகிறேன்.

கடலூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். 2004-இல் அங்கேயே சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பக்கத்துக் குடிகாட்டில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கினான். அவன் சேர்த்த குழாய் எதுவும் ஒழுகியதில்லை என்று சூப்பர்வைசர் கலியமூர்த்தி என்னிடமே சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரிய பெருமை. ஆனால் நாலு வருஷமாகியும் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தான். 2008-இல் ஒரு வளைகுடா நாட்டில் ஃபிட்டர் வேலை அமைந்தது. அது போனால் அவனுக்கு வேறு வழி வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா அம்மா இல்லாத வீடு. அவனைவிட ஆறு வயது பெரியவளான நான்தான் எல்லாம் பார்த்தேன். வெளிநாடு போய் வந்தவர்கள் நாலு பேரைத் தேடிப்போய்க் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும். கத்தரிக்கோல், பிளேடு கைப்பையில் கூடாது. மேலே ஏறும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்ட் கொடுத்த தாளில், கொண்டுபோகக் கூடாத பொருள்களில் கசகசாவும் இருந்தது. நாம் கறிக்குழம்புக்கு அரைப்பது அங்கே போதைப்பொருள் கணக்கில் வருமாம். அதனால் குழம்புத்தூளைக் கசகசா போடாமல் தனியாக அரைத்தேன். பெரிய பையை நானே அடுக்கிக் கட்டி, அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதரை கிலோ. இருபது வரை விடுவார்கள்.

புறப்பட வேண்டியது செவ்வாய்க்கிழமை. சென்னை எங்களுக்கு வடக்கு. செவ்வாயில் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. டிக்கெட்டை மாற்ற முடியாது. இப்படி அமைந்தால் எங்கள் வீடுகளில் பரஸ்தானம் வைப்பது வழக்கம். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. பிறகு அந்தப் பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பிரிக்கவும் கூடாது. போகும்போது அங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும்.

அருண் வேண்டாம் என்றான். "பை என் கண் முன்னாடியே இருக்கட்டும்க்கா." நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அடுத்த தெருவில் தங்கம்மாள் அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அத்தை அப்பாவின் தங்கை. அவர் மகன் தில்லைநாதன் அதே வளைகுடா ஊரில் மூன்று வருஷமாக வேலை பார்த்தார். அருணை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு அவர்தான் வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அத்தை பையை வாசலில் எடுத்து வைத்து, தம்பிக்குத் திருநீறு பூசிவிட்டார். ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. வழக்கத்தை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவு வரைதான் என்னை விட்டார்கள். உள்ளே போய்ப் பையைப் போட்டுவிட்டுப் போன் செய்தான்.

"அக்கா, பையை நீங்களே கட்டுனீங்களா, வேற யார்கிட்டயாவது இருந்துச்சான்னு கேட்டாங்க. நானே கட்டுனேன், யார்கிட்டயும் இல்லன்னுட்டேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கே."

"எடை பத்தொன்பதே முக்கால் காட்டுச்சு. நீ பத்தொன்பதரைன்னுதானே சொன்னே?"

"கடைத் தராசு அப்படித்தான் இருக்கும். நீ போய் உக்காரு."

எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற எனக்கு அந்தக் கால் கிலோ உறைக்கவில்லை.

மறுநாள் தில்லைநாதன் கூப்பிட்டு, அருண் வெளியே வரவேயில்லை என்றார். அதன்பிறகு இருபத்திரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் கடலூர் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். மூன்று மனு. மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன்.

பிறகு அவன் கடிதம் வந்தது. அங்கே இறங்கியதும் பையை மெஷினில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். துணிகளுக்கு நடுவே கால் கிலோ கசகசாப் பொட்டலம். மேலே காகிதத்தில் "தில்லைக்கு" என்று பேனாவால் எழுதியிருந்ததாம். அத்தையின் கையெழுத்து. அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று வைத்திருக்கிறார். யாருக்கு என்று அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். தில்லைநாதன் வெளியேதான் காத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொன்னால் அவரையும் பிடிப்பார்கள். தில்லை என்பது எங்கள் ஊர்ப் பெயர் என்றும், பொட்டலம் தன்னுடையது என்றும் அருண் சொல்லிவிட்டான். சென்னையிலும் பையைத் தானே கட்டியதாகச் சொல்லியிருந்தான், அதை மாற்றிச் சொல்ல அவனுக்கு வழியில்லை. அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்றும் எழுதியிருந்ததால், அவன் வேலையில் சேர்ந்துவிட்டதாகவே நான் ஊரில் சொல்லிவைத்தேன். நாலு மாதம் உள்ளே வைத்தார்கள். பிறகு பத்து விரல் ரேகையும் எடுத்துக்கொண்டு, இனி வரக் கூடாது என்று அனுப்பினார்கள்.

வந்தபோது பாதியாக இளைத்திருந்தான். நான் சமைத்ததைச் சாப்பிட்டான். அன்று சாயங்காலமே அத்தை பார்க்க வந்தார்.

"என்னடா, நாலே மாசத்துல திரும்பிட்டே? என் புள்ளையும் அந்த வெயில்லதான் கெடக்குறான். அவன் தாக்குப் பிடிக்கல? அக்கா முந்தானையிலயே வளந்த புள்ள, வேற எப்படி இருப்ப?"

நான் எழுந்துவிட்டேன். கடிதம் பீரோவில்தான் இருந்தது. அருண் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"ஆமாத்த. எனக்கு அந்த ஊரு ஒத்துக்கல," என்றான்.

அத்தை போனபிறகு நான் அழுதேன். சொன்னால் அவர் உயிரை விட்டுவிடுவார் என்றான். பரஸ்தானம் வைத்தது நான்தானே, என்னைத் திட்டு என்றேன். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றுவரை எனக்கு அவன் பதில் சொல்லாமல் இருந்ததேயில்லை.

மறுபடி சிப்காட்டுக்கே போனான். புதிய ஆளாகத்தான் எடுத்தார்கள். அவனுக்குக் கீழே வேலை கற்றவர்கள் அவனுக்கு மேலே இருந்தார்கள். இரண்டு பெண் வீட்டார், நிலையில்லாத பையன் என்று சொல்லிவிட்டார்கள். 2011-இல் வேறொரு நாட்டு வேலைக்கு நேர்காணலில் தேறினான். முன்பு எந்த நாட்டிலாவது தண்டனை உண்டா என்று விண்ணப்பத்தில் ஓர் இடம் இருந்தது. உண்டு என்று எழுதினான். பாஸ்போர்ட் தபாலில் திரும்பி வந்தது.

இந்த வருஷம், 2012 தை மாதம், அத்தை காலமானார். தில்லைநாதனுக்கு உடனே விமானம் கிடைக்கவில்லை. உடல் தாங்காது என்றார்கள். அருண்தான் கொள்ளி வைத்தான். மூன்றாம் நாள் வந்த தில்லைநாதன் காரியம் முடியும்வரை தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புறப்படுகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல மச்சான்?"

"தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு எல்லாம் தெரிந்தேயிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அருணே அவர் பையை எடுத்து ஆட்டோவில் வைத்துவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பினான்.