முனிரத்தினத்தின் மூன்று மாத அளவு

பிள்ளைப்பாக்கத்தில் பதினோரு தெரு மாரிசெல்வியின் பொறுப்பு. பிபி மிஷினும் மாத்திரைப் பையுமாகக் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். கோவில்பட்டியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவள். லைனில் நின்று நின்று இடுப்பு போனபின், வீடு வீடாகப் போய் அளந்து மருந்து கொடுக்கும் அரசு வேலையில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது.

எட்டு மணி, நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அப்போதுதான் கண்ணயரும் நேரம். அங்கே யாரும் அவர்களை எழுப்புவதில்லை.

"இப்பதான் படுத்துகினாரு பாப்பா. எழுப்பிட்டு நீ போயிடுவ, திட்டு வாங்கறது நானு," என்பாள் முனிரத்தினத்தின் மனைவி மீனம்மாள். "போன மாசம் இன்னா இருந்துச்சோ அதையே போட்டுக்கோ."

மாரிசெல்வி போட்டுக்கொண்டாள். 128/82. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமென்று அடுத்த மாதம் 126/80, அதற்கடுத்த மாதம் 130/84.

அந்தச் சமயத்தில் மாவட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று மாதம் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு, சம்மதம் வாங்கிக்கொண்டு, இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். கெடுதல் இல்லையென்றால் எல்லா ஊருக்கும் அதுவே முறையாகும். முனிரத்தினமும் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது வாரம் கம்பெனி பாத்ரூமில் விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஷெர்லின் மாரிசெல்வியைக் கூப்பிட்டாள்.

"மாத்திரையைக் குறைச்ச பிறகு விழுந்தது நம்ம ஏரியாவுல இவர் ஒருத்தர்தான். நாளைக்கு ரிப்போர்ட் போகுது. மூணு மாசமும் நீங்க அளந்ததுதானே?"

ஆமாம் என்றால் வேலை நிலைக்கும். ஆனால் மாத்திரையைக் குறைத்ததால் கட்டுக்குள் இருந்தவரே விழுந்தார் என்று அவள் எழுதிய பொய் எண் மாவட்டத்துக்கே சாட்சியாகிவிடும். இல்லையென்றால் வேலை போகும்.

அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை. கை மட்டும் மிஷின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தது.

"அளக்கல டாக்டர். தூங்கிட்டிருந்தாக."

"மூணு மாசமுமா?"

"மூணு மாசமும்."

"இவருக்கு மட்டும்தானா?"

மாரிசெல்வி நோட்டை இழுத்து, அளக்காமல் எழுதியவர்களைச் சிவப்புப் பேனாவால் குறிக்க ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று பெயர். ஷெர்லின் திட்டவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் வேலைக்கு வாங்க. அப்புறம் என் கையில இல்ல."

மறுநாள் எட்டு மணிக்கு அவள் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலைப் பார்த்தபடி கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வா பாப்பா," என்றாள் மீனம்மாள். "இப்பல்லாம் எந்நேரமும் முழிச்சிகினுதான் கீறாரு."

அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வைக்க வேண்டும் என்பது விதி. மாரிசெல்வி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷமும் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவருடைய இடது கையில் பட்டையைச் சுற்றினாள்.

"எவ்ளோ... கீது?" வாய் கோணியபடி கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நூத்தி ஐம்பத்தெட்டு, தொண்ணூத்தாறு," என்று சொல்லிவிட்டு, அதையே எழுதினாள்.