ஈரம் இருக்குதுன்னு சொன்ன குரல்

வெள்ளிக்கிழமையானா என் மருமகளோட போன்ல ஒரு பொம்பளை பேசுவா. ஆளு கிடையாது, பதிவு பண்ணி வச்ச குரல். வணக்கம் சொல்லிட்டு, இந்த வாரம் மழை எப்படி, காத்து எப்படி, மண்ணு எப்படின்னு விவசாயிங்களுக்குச் சொல்லுவா. நல்ல குரல்தான். அது மேல எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறலை.

போன ஐப்பசியில என் நெலத்துல மல்லாட்டை புடுங்கற பதத்துல இருந்தது. டவுன்ல வேர்க்கடலைன்னு சொல்றாங்களே, அதுதான். கீழ்பென்னாத்தூர் பக்கம், மழையை நம்பின நெலம். காயை ஒடச்சுப் பார்த்தேன், ஓட்டுக்கு உள்பக்கம் கறுத்திருந்தது, நல்லா முத்திடுச்சுன்னு அர்த்தம். மண்ணுல கொஞ்சம் ஈரமும் இருந்தது. ஈரத்துல இழுத்தா செடியோட காயும் கொத்தா வரும். காஞ்ச மண்ணுல இழுத்தா செடி மட்டும் கையில வரும், காய் உள்ளயே அறுந்து நின்னுடும். அதனால திங்கக்கிழமைக்கு ஆள் சொல்லி வச்சிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவ பேசினா. மாவட்டம் பூரா மழை வருமாம், மண்ணுல போதுமான ஈரம் இருக்குமாம், அறுவடையைத் தள்ளிப் போடணுமாம்.

என் பையன் டவுன்ல, ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜ்ல வேலை செய்யறான். அவனுக்கும் அதே குரல் போயிருக்கு. உடனே கூப்பிட்டான்.

"அம்மா, இப்ப புடுங்கிப் போட்டா எல்லாம் நனைஞ்சு மொளைச்சுடும். ஒரு வாரம் பொறு."

"வானத்துல மேகமே இல்லடா."

"அதெல்லாம் சாட்டிலைட்டுல தெரியும்மா. உன் கண்ணுக்குத் தெரியாது."

அவன் சொன்னதுல ஞாயம் இல்லாம இல்ல. புடுங்கிப் போட்ட காய் மழையில மொளை விட்டதை நானே பார்த்தவ. மழை வருமா வராதான்னு எனக்கும் தெரியாது. ஆளுங்களை வேணாம்னுட்டேன்.

மழை வந்தது. எங்க? மலை மேல, கோயில் மேல, அவன் லாட்ஜ் மேல. தெருவுல தண்ணி ஓடறதை போட்டோ புடிச்சு அனுப்பறான். எங்க நெலத்துல புழுதி பறக்குது. அதுக்குள்ள பௌர்ணமி வந்துடுச்சு. புடுங்க வர வேண்டிய எங்க ஊர் பொம்பளைங்க கூடையைத் தூக்கிக்கிட்டு கிரிவலப் பாதைக்கு யாவாரத்துக்குப் போயிட்டாங்க. அவங்க திரும்பி வந்து செடியில கை வச்சப்போ மண்ணு கல்லாயிருந்தது. செடி வந்தது. காய் வரலை.

"அவ வாயைத் தெறந்து ஒரு வார்த்தை, தப்பாயிடுச்சுன்னு சொல்லுவாளா பாரு"ன்னேன் மருமக கிட்ட.

"அது மிஷின் அத்தை. அதுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாததுக்கு எதுக்கு அவ்ளோ தைரியமா பேசுது?"

எங்க பக்கம் அறுவடை முடிஞ்ச மல்லாட்டை நெலத்துல யார் வேணும்னாலும் களைக்கொத்தோட எறங்கி மிச்சக் காயைப் பொறுக்கிக்கலாம். நெலத்துக்காரங்க எறங்க மாட்டோம். அது கௌரவம். பையன் மறுபடியும் கூப்பிட்டான். "இந்த வருஷம் யாரையும் வுடாதம்மா. மொத்தமும் மண்ணுக்குள்ளதான் கெடக்கு."

"நான் என்னிக்காவது பொறுக்க வந்தவளைத் தொரத்தியிருக்கேனா? எவளோ பேசினதைக் கேட்டு நான் கெட்டதுக்கு, இவங்களைத் தொரத்தணுமா?"ன்னு கேட்டுட்டு போனை வச்சுட்டேன்.

ஆனா விட்டுக்கொடுக்கவும் மனசு வரலை. பொடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, களைக்கொத்தோட நானும் எறங்கினேன்.

"இன்னா ஆயா, உன் நெலத்துல நீயே பொறுக்க வந்துட்டியா?"ன்னு ஒருத்தி கேட்டா.

"ஆமாண்டி. தள்ளி ஒக்காரு, இந்தப் பாத்தி என்னுது."

அன்னிக்கும் வெள்ளிக்கிழமை. என்னைக் கேட்டவ இடுப்புல சொருகி வச்சிருந்த போன்ல அந்தக் குரல் வந்தது. வணக்கம். மண்ணுல போதுமான ஈரம் இருக்குதாம்.

"எங்கடி இருக்குது, அவ வாயிலயா?"ன்னு இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க.

"நிறுத்தாதே. முழுசா பேசட்டும்"னேன். அன்னிக்குத் தப்பாச் சொன்னதைப் பத்தி ஏதாவது சொல்லுவான்னு காது கொடுத்துக் கேட்டேன். நன்றி சொல்லி முடிச்சுட்டா.

களைக்கொத்தை ஓங்கிப் போட்டேன். மண்ணு தெறிச்சது. வெட்டுப்பட்டு, ரெண்டு துண்டா ஒரு காய் மேல வந்தது.