இடுப்பில் இரண்டு தட்டு

வெர்லின் டோலஃப்சன் டிரெய்லரைப் பின்பக்கமாக எடுக்க ஆரம்பித்தால் பூமி கொஞ்சம் ஒதுங்கி வழி விடும். இதில் மிகை எதுவும் இல்லை. வட டகோட்டாவில் முப்பத்தொரு வருஷம் மண்சாலைகளைச் சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டியவர் அவர். அவர் சீவிய சாலை அத்தனை நேராக இருக்கும் என்பதால் மான்கள் அதைக் குறுக்கே கடக்கக் கூச்சப்பட்டு நின்றன. பனிப்புயல்கள் அவர் பெயரைக் கேட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். படுக்கையும் அடுப்பும் உள்ள தன் இருபத்தெட்டடி டிரெய்லரை ஒரு டோனட் ஓட்டைக்குள் விட்டு, சர்க்கரை ஒரு பொட்டு உதிராமல் வெளியே எடுப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரே சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். பின்னால் ஆர்லிஸ் நின்றால்தான் இதெல்லாம் நடக்கும்.

ஆர்லிஸ் அவருடைய மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவள். வாயால் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை என்பதை அங்கேயே கற்றுக்கொண்டாள். டிரெய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் கையால்தான் பேசுவாள். கோழி இறக்கை மாதிரி இடது முழங்கையை ஆட்டினால் வாலை இடப்பக்கம் கொண்டு வா. மூக்கைச் சொறிந்தால் வலப்பக்கம். தொப்பியில் கை வைத்தால் நில். எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் தன் இடுப்பில் இரண்டு தட்டு தட்டுவாள். போதும், இறங்கி வா என்று அர்த்தம்.

அந்த இரண்டு தட்டு வெர்லினுக்கு உயிர். பயணிகள் தங்கும் முகாம்களில் யாராவது புதிதாக வந்து டிரெய்லரை நிறுத்தினால் மற்றவர்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எத்தனையோ தம்பதிகள் அங்கே ஊர் பார்க்கக் கத்திச் சண்டை போட்டிருக்கிறார்கள். வெர்லினும் ஆர்லிஸும் ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்துவார்கள். கண்ணாடியில் அந்த இரண்டு தட்டைப் பார்க்கும்போது, உலகத்தில் வேறு எவனுக்கும் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைத்துவிட்டதாக அவருக்கு நெஞ்சு நிறையும்.

இந்தக் கோடை அவர்களுடையது. ஓய்வு பெற்ற முதல் கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வழியெல்லாம் நண்பர்கள் வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தி, சமையலறை ஜன்னல் வழியாக மின்சாரக் கம்பி வாங்கி, இரண்டு நாள் அரட்டை அடித்துவிட்டு மேற்கே போய்க்கொண்டே இருப்பது. அவரும் ஆர்லிஸும் மட்டும். இதற்காக அவர் பதினைந்து வருஷம் காத்திருந்தார்.

முதல் நண்பர் ஓரின் ஸ்வென்பி. அங்கேயே கெட்டது.

ஓரினின் மனைவி மார்வெல் போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனாள். அவள் தேர்ந்தெடுத்த டிரெய்லர் அன்றிலிருந்து கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. "நீங்க குடுத்து வெச்சவங்க. நானும் வருவேன், ஆனா நிறுத்தத் தெரியாதே. பின்னாடி பாக்க ஆள் வேணும்ல?" என்றார் ஓரின்.

"உன் பேத்தி இருக்காளே?" என்றார் வெர்லின்.

"அவளா? ரெண்டு தடவை பள்ளத்துல எறக்கி விட்டுட்டு நின்னு சிரிச்சா."

பேத்தி கெல்சிக்குப் பதினாறு வயது. கணக்கில் தோற்று, பள்ளிக்கூடம் அவளிடமும் அவள் பள்ளிக்கூடத்திடமும் சலித்துப்போய், கோடைக்குத் தாத்தா வீட்டில் கொண்டுவந்து தள்ளப்பட்டவள். அவளைப் பற்றி இவ்வளவு போதும்.

"எங்களோட கெளம்பி வா, ஓரின்," என்றாள் ஆர்லிஸ். "நான் பாத்து விடறேன்."

கணவனிடம் கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெர்லின் கையிலிருந்த காப்பியை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

மறுநாள் முதல் முகாம். வெர்லின் தன் வண்டியை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓரின் பின்பக்கமாக வந்தார். ஆர்லிஸ் முழங்கையை ஆட்டினாள். மூக்கைச் சொறிந்தாள். அவள் கை அசையும் முன்பே ஓரினின் சக்கரம் திரும்பியது. ஒரே முயற்சியில், ரொட்டி அடுப்புக்குள் போவது மாதிரி டிரெய்லர் உள்ளே போய் உட்கார்ந்தது. எதிர் வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

ஆர்லிஸ் இடுப்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

வெர்லினின் காதிலிருந்து புகை வராததற்கு அவர் தொப்பியை இழுத்து மூடியிருந்ததுதான் காரணம். நாற்பது வருஷமாகத் தனக்கென்று நினைத்திருந்ததை, பட்டப்பகலில், பதினேழு நாற்காலிக்காரர்கள் பார்க்க, இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நல்லா நிறுத்தினான்ல?" என்று வந்து உட்கார்ந்தாள் ஆர்லிஸ்.

"அந்தத் தட்டு எதுக்கு?"

"எந்தத் தட்டு?"

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல' இருநூறு மைல் நீண்டது. அதற்குப் பிறகு வெர்லின் எல்லாவற்றையும் கவனித்தார். புளிப்புத் தண்டு போட்டு ஆர்லிஸ் சுடும் ருபார்ப் கேக்கில் மொறுமொறு மூலைத்துண்டு எப்போதும் அவருக்குத்தான். இப்போது நான்கு மூலையில் இரண்டு ஓரினுக்குப் போனது. ஓரின் சாப்பிட்டுவிட்டு, "இப்படி ஒரு கேக் நான் சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆர்லிஸ்," என்று சொன்னார். வெர்லின் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தது, "பரவால்ல." நார்வே வம்சத்து நாகரிகமான மனிதன் ஒருவன் அதற்கு மேல் என்ன சொல்வான்?

மான்டானாவில் இன்னொரு சிநேகிதி டோனாவின் வீட்டு வாசலில் இரண்டு டிரெய்லரும் நின்றன. டோனா பெரிய வாய்க்காரி. ஆர்லிஸ் ஓரினின் டிரெய்லரைத்தான் முதலில் உள்ளே விட்டாள் என்பதைப் பார்த்துவிட்டு, "அடியே, இதுல எவன் உன் புருஷன்? உனக்கு எந்த வண்டியில போர்வை வைக்கறதுன்னு தெரியணும்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஓரினும் சிரித்தார். ஓரின் சிரித்ததைத்தான் வெர்லினால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போய், டிரெய்லரின் பின்முதுகில் பொருத்தும் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். ஓட்டுநர் பக்கம் ஒரு சின்னத் திரை, அதில் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும்.

"இது எதுக்கு?" என்றாள் ஆர்லிஸ்.

"நீ பாவம், ரெண்டு வண்டிக்கு நின்னு கை வலிக்குமே."

"எனக்கு வலிக்குதுன்னு சொன்னேனா?"

"இன்னிக்கு சாயங்காலம் இதை வெச்சு நானே நிறுத்தறேன். ஒழுங்கா நிறுத்திட்டேன்னா, நாளைக்குக் காலையில நம்ம வழி நமக்கு, அவன் வழி அவனுக்கு."

"அவன் எப்படிப் போவான்?"

"நான் வாங்கின கடையிலயே இன்னும் விக்கிறான். அவனையும் ஒண்ணு வாங்கச் சொல்லு."

இதை அவர் ஜன்னல் திறந்திருந்த வண்டியில் உட்கார்ந்து சொன்னார். வாசலில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது, ஓரின் காதில் தவிர. ஓரின் அப்போது உள்ளே டோனாவின் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆற்றோர முகாம். வெர்லின் டீசல் போட வழியில் நின்றதால் ஆர்லிஸ் ஓரினின் வண்டியில் ஏறி முன்னால் வந்துவிட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது ஓரினின் டிரெய்லர் கச்சிதமாக நின்றிருந்தது. அதன் ஜன்னலுக்குள் ஆர்லிஸ் நின்றிருந்தாள். ஓரினின் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள்! அதுவும் ஹாட்டிஷ். கொத்துக்கறி, காளான் சூப், மேலே வரிசை வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டை. அந்த வரிசைகளை அவள் அடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வெர்லினின் வேலை.

அவர் இறங்கினார். பக்கத்து இடம் வெர்லினுக்கும் ஆர்லிஸுக்கும். அதன் கடைசியில் ஒரு மரமேசை. சாலை முனையிலிருந்து மேசை வரை நீள நீளமாகக் காலடி வைத்து அளந்தார். பதினான்கு. போதும், தாராளம். திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்து திரையைச் சரிசெய்யத் தொடங்கினார். அதற்கு நல்ல நேரம் பிடித்தது. முதலில் வானம் தெரிந்தது, பிறகு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

இதற்குள் ஹாட்டிஷ் வெந்துவிட்டது. அன்று எல்லாருக்கும் அந்த மரமேசையில்தான் சாப்பாடு. ஆர்லிஸ் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துவிட்டு, வண்டி ஜன்னலுக்கு வந்தாள்.

"நான் பின்னாடி நிக்கட்டுமா?"

"வேணாம். உக்காரு. கையைத் தூக்கவே கூடாது."

"வெர்லின்..."

"கேமரா இருக்கு."

நாற்காலிகள் திரும்பின. ஒரு கிழவர் தன் மனைவியை உள்ளேயிருந்து கூப்பிட்டார். வெர்லின் பின்னால் எடுத்தார். பாதிவரை திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பிறகு டிரெய்லரின் முதுகு மேற்கே திரும்ப, இறங்கு வெயில் நேராகக் கேமராவின் கண்ணில் விழுந்தது. திரை முழுக்க வெள்ளை. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் ஆர்லிஸ் தெரிவாள். பார்க்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தார். பதினான்கு காலடி, கணக்கு இருக்கிறது.

ஆர்லிஸ் எழுந்து நின்று தொப்பியில் கை வைத்தாள். நில். இரண்டு கையையும் வைத்தாள். தொப்பியையே கழற்றி ஆட்டினாள்.

படார்.

மேசை ஒரு பக்கமாகத் தூக்கி, ஹாட்டிஷ் பாத்திரம் வழுக்கி, உருளைக்கிழங்கு உருண்டைகள் புல்வெளி முழுக்க ஓடின. ஒரு நாய் எங்கிருந்தோ வந்தது. நாற்காலிக்காரர்களில் யாரும் கைதட்டவில்லை. அதுதான் கொடுமை.

வெர்லின் மெதுவாக இறங்கி வந்தார். டிரெய்லரின் பின்விளக்கு உடைந்திருந்தது. ஓரினும் கெல்சியும் குனிந்து உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் நில்லுன்னு காட்டினேன்."

"நான் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"அது இப்ப எனக்கு மட்டுமா? ஊருக்கே காட்டறே. அந்த ரெண்டு தட்டையும்தான். அவனுக்கு அது எப்படித் தெரியும், ஆர்லிஸ்? நீ அவனுக்குச் சொல்லிக்கூடக் குடுக்கல. நீ கை தூக்கறதுக்கு முன்னாடியே திருப்பறான். எப்படி?"

அவருடைய கோபமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அட மரமண்டை. அது மார்வெலோட கைடா."

"என்னது?"

"நாம எல்லாரும் சேர்ந்து மொத மொத ஏரிக்குப் போனோமே, அப்ப நானும் மார்வெலும் உக்காந்து கண்டுபிடிச்சது. வாயால சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டைக்கு வந்தீங்க. அதான் கையால. மூக்கு என்னோடது. முழங்கை அவளோடது. தட்டும் அவளோடது. அவ முப்பத்தெட்டு வருஷம் அவனுக்கு இதையேதான் காட்டினா. இவன் வண்டி ஓட்டறப்ப நீ மீன் பிடிக்கப் போயிருப்ப, நீ ஓட்டறப்ப அவன் போயிருப்பான். ரெண்டு பேரும் தனக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டீங்க."

ஓரின் கையில் ஏழெட்டு உருண்டைகளோடு நிமிர்ந்தார். அவர் வெர்லினைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தே பேசினார். "மொத நாள் கண்ணாடியில ஆர்லிஸ் தட்டினதைப் பாத்தப்ப, கொஞ்ச நேரம் நான் வண்டியை விட்டு எறங்கலைடா. நீ கவனிச்சியா?"

வெர்லின் கவனிக்கவில்லை. அவர் அப்போது ஆர்லிஸின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை. வட டகோட்டாக்காரர்கள் அதைச் செய்வதில்லை. வெர்லின் கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். உடைந்த விளக்குக்கு ஓரின் சிவப்பு டேப் ஒட்டினார். சாப்பாட்டுக்கு மீந்தது ரொட்டியும் மூன்று வகை ஊறுகாயும். மறுநாள் காலை இரண்டு டிரெய்லரும் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே போயின. ஆகஸ்ட் முடியும்வரை அப்படியே போயின.

வெர்லினின் பொறாமை போய்விட்டது என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். இப்போது அவர் மார்வெலைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். தனக்கென்று அவள் ஒரு சைகைகூடச் செய்யவில்லையா என்று ஆர்லிஸை மூன்று மாநிலம் நச்சரித்தார். ஐடஹோவில் ஒரு நாள் அவர் நிறுத்தி முடித்ததும், அவள் இடுப்பில் தட்டிவிட்டு, கூடவே நாக்கைத் துருத்திக் காட்டினாள். அதை வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவையும் கெல்சிதான் எழுதினாள். எழுதி முடித்து, திரும்பும் வழியில் ஒரு முகாமில் வெர்லினிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பதினாலு காலடின்னு எழுதியிருக்க."

"நீங்க அப்படித்தான அளந்தீங்க?"

"அளந்தேன். இடிச்சதுக்கப்புறம் மறுபடியும் அளந்தேன். நீங்கல்லாம் நாயை வெரட்டிக்கிட்டு இருந்தீங்க. பதினொண்ணுதான் இருந்துச்சு. மேசைக்காலை இழுத்த கோடு ரெண்டு, புல்லுல புதுசா இருந்துச்சு."

கெல்சி பேனாவை மூடினாள்.

"நான் திரையை முறுக்கிட்டு இருந்த நேரத்துல யாரோ இழுத்திருக்காங்க. நான் ஒழுங்கா நிறுத்திட்டா மறுநாள் தாத்தாவை விட்டுட்டுப் போயிடுவேன்னு யாருக்கோ பயம்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றாள் மெதுவாக.

"சொல்லியிருந்தா, கேமரா மேல தப்பில்ல, இன்னொரு தடவை போட்டுப் பாருன்னு ஆர்லிஸ் சொல்லியிருப்பா. எனக்கு அது வேணாம்." காகிதத்தை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "அது கெடக்கட்டும். கோட்டுக்குப் பக்கத்துல மண்ணுல ஒரு செருப்புத் தடம் இருந்துச்சு. நடுவுல நட்சத்திரம் போட்டது."

கெல்சி இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"தூக்கிக் காட்டு, பாக்கலாம்," என்றார் வெர்லின்.