எல்லாருக்கும் ஒரு கும்பிடு

முகநூல் கருத்துப் பெட்டியைக் காவல் காப்பதும் ஒரு தொழில்தான், தோட்டத்தில் மாடு விரட்டுவது இதைவிடச் சுலபம், ஏனென்றால் விரட்டிய மாடு திரும்பி வந்து "நீ என்ன டாக்டரா?" என்று கேட்பதில்லை. குடும்ப வாட்சாப் குழுவில் மாட்டிக்கொண்டு தினமும் தவிப்பவர்களுக்கு என் பாடு புரியும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் சிரிக்கவும் இருக்கிறது. என் தங்கச்சியின் கால் போனதும் இதில்தான்.

வேலை மாறிய விதம்

மெர்கோங் என்ற ஊரில், கடை வரிசைக்கு மேல்மாடியில் இயங்கும் மருத்துவ இதழ் ஒன்றில் வேலை செய்கிறேன். இதழை நடத்துபவர் ஒரு டாக்டர். பகலில் கிளினிக், மாலையில் இதழ். முன்பெல்லாம் என் வேலை, இதழ்களைக் கட்டுக் கட்டாக மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யான், குருண் ஆகிய ஊர்ப் பக்கத்துக் கடைகளில் போடுவது. பிறகு அச்சை நிறுத்திவிட்டார்கள். கட்டுரை எல்லாம் முகநூலுக்குப் போய்விட்டது. அப்போது என்னை வீட்டுக்கு அனுப்பாமல் வேலையில் வைத்துக்கொண்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை.

எனக்குப் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு சரி. டாக்டர் என் கையில் ஒரு போனைக் கொடுத்தார். வாசகர்கள் கெட்ட வார்த்தை எழுதினால் மறைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் கீழே, இதழின் பேரில், இரண்டு கை கூப்பிய படத்தைப் போட வேண்டும். "என்ன எழுதறது டாக்டர்?" என்று கேட்டேன். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஒண்ணும் எழுதாதிங்கண்ணே, பிழை வரும். யாரையும் பகைச்சிக்காம எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுடுங்க."

மாமியார் முகம்

பக்கவாதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சுக் குழறினால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று டாக்டர் ராத்தூக்கம் கெட்டு எழுதியிருந்தார். முதல் கருத்து, ரோஜாப்பூ படத்தோடு "காலை வணக்கம்". அப்போது சாயங்காலம். அடுத்தவர் தன் வீட்டை வாடகைக்கு விடுவதாக விளம்பரம் போட்டார். மூன்றாமவருக்கு டாக்டர் படத்தில் போட்டிருக்கும் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிய வேண்டும். மூவருக்கும் கும்பிடு.

கட்டுரையை முழுக்கப் படித்தவர் யானில் இருந்து ஒருவர் மட்டும்தான். அவர் படித்தார் என்பது அவர் எழுதியதிலேயே தெரிந்தது.

"முகம் கோணலா இருந்தா ஆஸ்பத்திரிக்கிப் போவணும்னா, என் மாமியாரு கல்யாணத்தன்னிக்கே போயிருக்கணும்லா."

டாக்டர் ஆனேன்

இன்னொரு நாள், ஒருவர் தன் வயிற்று வலியைப் பற்றி ஒரு முழம் எழுதியிருந்தார். எப்போது வலிக்கிறது, என்ன சாப்பிட்டால் வலிக்கிறது, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நிறுத்தலாமா, நிறுத்தினால் மனைவி என்ன சொல்வாள் என்பதுவரை. கடைசியில், "காரத்தை விட்டுப் பார்க்கவா டாக்டர்?" என்று கேட்டிருந்தார். நான் வழக்கம்போலக் கும்பிடு போட்டேன்.

அந்தப் பக்கத்தில் கை கூப்புவது டாக்டர்தான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. மேல்மாடியில் மின்விசிறிக்குக் கீழே ஒரு கிழவன் உட்கார்ந்து விரலால் அமுக்கிக்கொண்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அந்த மனிதர் உடனே பதில் எழுதினார்.

"நன்றி டாக்டர், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடறேன்."

படிக்காமல் விட்ட கட்டுரை

என் தங்கச்சி லெட்சுமி குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். பல வருசமாக இனிப்பு நீர், அதற்குத் தினமும் மாத்திரை. அண்ணன் வேலை செய்யும் இதழ் என்று எங்கள் பக்கத்தை ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். ஒரு சமயம் தொழிற்சாலையில் கொடுத்த புது பூட்ஸ் கடித்து வலது குதிகாலில் புண். "ஆறவே மாட்டேங்குதுண்ணே" என்று போனில் சொன்னாள்.

நல்ல வேளையாக, அந்த வாரமே பாதப் புண்ணைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, "நீரிழிவும் பாதப் பராமரிப்பும்". எனக்கு அது என்ன நோய் என்று தெரியவில்லை. டாக்டரைக் கேட்டேன். சிரித்தார். "என்னண்ணே, இத்தன வருசம் நம்ம இதழைத் தூக்கிட்டு அலைஞ்சிங்க. இனிப்பு நீரைத்தான் நல்ல தமிழ்ல அப்படிச் சொல்லுவாங்க." அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

உடனே லெட்சுமிக்குப் போன் அடித்து, கட்டுரையைப் படித்தாயா என்று கேட்டேன். பின்னால் சைரன் ஊதியது. ஷிப்ட்டுக்கு ஓடிக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, நான் விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

"தலைப்பப் பாத்தேண்ணே, அது நீர்க்கடுப்பு உள்ளவங்களுக்குப் போலருக்கு, எனக்குத்தான் நீரு நல்லா போவுதே."

புலி படம் போட்டவர்

அந்தக் கட்டுரைக்குக் கீழேதான் அவர் வந்தார். சொந்தப் படம் கிடையாது. புலி படம் வைத்திருந்தார். எழுத்தில் ஒரு பிழை இல்லை, ஒரு சந்தேகமும் இல்லை. "இனிப்பு நீர் உள்ளவர்களே, வெண்டைக்காயைக் கீறி ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து விடிகாலையில் குடியுங்கள். நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புண் எல்லாம் ஆறிவிட்டது." எங்கள் டாக்டருக்கு ஒரு நாளும் அத்தனை லைக் விழுந்ததில்லை. "உண்மை", "என் அத்தைக்கும் இதுதான்", "டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்" என்று ஒரே கூட்டம்.

மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்கிறாரே, இதை மறைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கெட்ட வார்த்தை இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். போய்க் கும்பிடு போட்டேன். அதற்கு முன் அவர் கதவருகில் நின்று கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னதுதான் இது.

"விடுங்கண்ணே, நாலு பேரு பேசினாத்தான் பக்கம் ஓடும்."

குருணில்

பிறகு சில வாரம் லெட்சுமியிடமிருந்து போன் இல்லை. ஓவர்டைம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டுச் சொன்னபிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வாடை அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்துக் காலை அதில் விட்டிருந்தாள். குதிகால் கறுத்திருந்தது. மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, அதற்குள் கீறின வெண்டைக்காய்.

"மாத்திரை எங்க?" என்றேன். நிறுத்திவிட்டாளாம். "யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று கத்தினேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். போனைத் திறந்து காட்டினாள். இனிப்பு நீர் என்று எழுதியிருந்ததால் அவள் படித்தது, அந்தக் கருத்து ஒன்றைத்தான். அதற்குக் கீழே இதழின் பேரில் இரண்டு கைகள்.

"உங்க டாக்டரே கும்பிடு போட்டு ஒத்துக்கிட்டாரேண்ணே, அப்பறம் நான் யாரக் கேக்கணும்?"

யார் போட்டது

மருத்துவமனையில் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இனித் தொழிற்சாலைக்குப் போக முடியாது. புது பூட்ஸும் வேண்டாம்.

மறுநாள் கிளினிக்குக்கே போய், நோயாளிகள் காத்திருக்கும்போதே டாக்டரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்லவில்லை. செயற்கைக் கால் எங்கே செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தக் கருத்தை மறைக்க நான் கேட்டதை ஞாபகப்படுத்தினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் பதில் தயாராகிவிட்டது.

"நான் எல்லாருக்கும் பொதுவாச் சொன்னேண்ணே, அந்த ஆளுக்குக் கும்பிடு போட்டது நீங்கதான்."

முதல் எழுத்து

அன்று மேல்மாடிக்கு வந்து, இந்த வேலையில் முதல் முறையாக ஒரு கருத்து எழுதினேன். புலிக்காரர் எழுதியதற்கு நேர் கீழே. "என் தங்கச்சி இதை நம்பி மாத்திரையை நிறுத்தினாள். கால் போய்விட்டது. யாரும் இப்படிச் செய்யாதீர்கள்." பிழை இருந்திருக்கலாம். இருக்கட்டும்.

டீ ஆறுவதற்குள் வாசகர்கள் வந்துவிட்டார்கள். விதையை எடுக்காமல் ஊறவைத்திருப்பாள் என்றார் ஒருவர். பாசார்ச் சந்தையில் வாங்கிய வெண்டைக்காய் என்றால் பூச்சி மருந்து அடித்தது, அதுதான் காலைத் தின்றுவிட்டது என்றார் இன்னொருவர். நம்பிக்கை இல்லாமல் குடித்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது என்றாள் ஒரு அம்மா. கடைசியாகப் புலிக்காரரே வந்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு கை கூப்பிய படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனபோது லெட்சுமி தலையணையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை வலது பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் எழுதியதைப் படித்துவிட்டாள் என்று தெரிந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"பாத்திங்களாண்ணே, அவரும் கும்பிடு போட்டிருக்காரு, நல்ல மனுசன்லா."

இப்போதெல்லாம் கோயிலில் சாமிக்கு முன்னால் நின்றால்கூட, இந்தக் கும்பிடு யார் காலில் போய் விழுமோ என்று யோசித்துவிட்டுத்தான் கையைச் சேர்க்கிறேன்.