செருமாமல் நின்ற காலை

முட்டைக்கோஸ்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்த கியாகிம்வா, அடித்தொண்டையிலிருந்து ஒரு தரம் செருமினார். நீளமான, வயிறு நிறைந்த செருமல். கடைக்காரப் பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல் அந்தக் கோஸை எடுத்துக் கூடையில் போட்டாள். லுபேரோ மலைச் சந்தையில் எல்லோருக்கும் இந்தப் பாஷை பழகிவிட்டது. புதிதாக வந்த பாதிரியார் மட்டும், பிரசங்கத்தின் நடுவே கேட்ட செருமலைத் தமக்கான எச்சரிக்கை என்று எண்ணி அவசரமாக முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊரில் கியாகிம்வாவுக்குத் தனி மரியாதை.

கொரில்லாக்கள் இப்படித்தான் பேசிக்கொள்ளும். ‘நான் இங்கேதான் இருக்கிறேன், பயமில்லை’ என்று அதற்குப் பொருள். கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட அனாதைக் குட்டிகளை வளர்க்கும் சரணாலயத்தில் இவருக்குத் தாய் வேலை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, குட்டியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, பகலெல்லாம் செருமிக்கொண்டே இருக்கவேண்டும். மனிதச் சளி குட்டிகளுக்கு எமன். அதனால் வீட்டில் யார் தும்மினாலும் அன்று வேலைக்குப் போகமாட்டார். மிளகாய்ப் புகையில் தும்மிய கணவர் கசெரேக்கா, “இது சளி இல்லடி, மொளகா” என்று மாதாவின் பேரில் சத்தியம் செய்ய நேர்ந்த கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும்.

அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. இன்னின்ன வரிசையில் பிறந்தால் இன்னின்ன பெயர் என்று இருக்கிறது. சரணாலயத்துக் குட்டிகளுக்கும் வந்து சேர்ந்த வரிசைப்படி அதே பெயர்கள்தான். கோணிப்பைக்குள், இடுப்பில் கயிற்றுப் புண்ணோடு வந்த ஒரு குட்டி பாலைத் தொடாமலே கிடந்தது. ஒருநாள் காலை அது புட்டியைக் கவ்வி இழுத்ததும் கியாகிம்வாவுக்குத் தலைகால் புரியவில்லை. சரணாலயத்து வரிசையை மறந்து, தம் வீட்டு வரிசையில் அடுத்ததாக இருந்த பெயரைச் சொல்லிக் கொஞ்சிவிட்டார். கஹாம்பு என்ற பெயர் குட்டிக்கு ஒட்டிக்கொண்டது.

வினை போன வருஷம் வந்தது. வீட்டில் நிஜமாகவே ஒரு பெண் பிறந்தாள். கஹாம்புவின் பெயரைப் பிடுங்க மனம் வராமல், குழந்தைக்கு அதற்கடுத்த பெயரை வைத்தார். “நடுவுல ஒருத்தியக் காணமேடி?” என்று நாத்தனார் குடைந்தபோது, “வேலை செய்யற எடத்துல இருக்கா. உன்னவிடப் பல்லு நல்லா இருக்கு” என்று வாயை அடைத்துவிட்டார். ஆனால் தடுப்பூசி போட்ட செவிலி, பெயர் வரிசையில் இருந்த இடைவெளியைப் பார்த்து, இறந்துபோன பெண்ணுக்காக அழவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டபோது பதறிப்போனார். வீட்டுக்குப் போகாமல் நேரே சரணாலயத்துக்கு ஓடிவந்து, கஹாம்பு பழம் தின்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சுவிட்டார்.

தன் இனத்தோடு சேரவேண்டிய வயது வந்துவிட்டதால், கஹாம்பு இனி மனிதர்களோடு இருக்கக்கூடாது. சரணாலயத்துக்கு முதலில் வந்த பெண் குட்டி, இப்போது பெரிய மனுஷியாகிவிட்ட மசிக்கா, அவளைத் தன் குட்டியாக ஏற்கவேண்டும். கியாகிம்வா கண்ணில் படாவிட்டால் கஹாம்பு கூண்டைவிட்டு வெளியே வரமாட்டாள். அதனால் அவர் வேலிக்கு இந்தப்புறம் நின்றே ஆகவேண்டும். போன தடவை அப்படி நின்றவர், குட்டி அழுததும் பழக்க தோஷத்தில் செருமிவிட்டார். கஹாம்பு வேலியில் வந்து ஒட்டிக்கொண்டாள். மசிக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

“இன்னொரு தரம் அவ உங்ககிட்ட ஓடிவந்தா, மசிக்கா அப்புறம் சேத்துக்கமாட்டா. காலம் பூரா தனிக்கூண்டுதான்” என்று மருத்துவர் முஹிந்தோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் முயற்சி நடந்த காலையில் சரணாலயத்தில் யாருக்கும் கஞ்சி இறங்கவில்லை. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கசெரேக்காவும் வந்து அவர் பக்கத்தில் நின்றார். பின்மேட்டில் ஊர்ப் பெண்கள் திருவிழாக் கூட்டமாகக் கூடிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கிள்ளி வாயடக்கிக்கொண்டார்கள். கூண்டின் கதவு திறந்தது.

கஹாம்பு நேரே வேலிக்கு ஓடிவந்தாள். கம்பிகளுக்குள் கையைவிட்டு அழுதாள். கியாகிம்வா இரண்டு கைகளாலும் தம் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். முகக்கவசம் கண்ணீரில் நனைந்தது. மூங்கில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மசிக்கா எழுந்து முதுகைத் திருப்பினாள். போச்சு என்று முஹிந்தோ கண்ணை மூடிக்கொண்டார். கஹாம்பு அழுகையை நிறுத்திக் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். கியாகிம்வா தொண்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது மசிக்கா செருமினாள்.

கஹாம்பு திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, சின்னதாக, உடைந்த குரலில் பதிலுக்குச் செருமினாள். கம்பியை விட்டாள். புல்லில் தத்தித் தத்திப் போய், அந்தப் பெரிய முதுகின் மயிரைப் பற்றி ஏறிக்கொண்டாள். மசிக்கா அவளைச் சுமந்துகொண்டு மூங்கில்களுக்குள் மறைந்ததும், மேட்டிலிருந்த பெண்கள் அடக்கிவைத்திருந்த குலவையெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. சமையல்காரர் கசெரேக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். முஹிந்தோ ஓடிவந்தார்.

“கைய எடுங்கக்கா. இனிமே எவ்வளவு வேணாலும் செருமலாம்.”

மூங்கில்களுக்குள்ளிருந்து அந்தச் சின்னச் செருமல் இன்னொரு தரம் கேட்டது. கியாகிம்வா முடியாது என்று தலையை ஆட்டி, தொண்டையைப் பிடித்திருந்த கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.